நாலு மூலையும் தெரியுதா அண்ணாச்சி?

டிஸ்கி: கேமரா தொடாதவங்களும் படிக்கலாம். நாற்பது தாண்டினவங்க கண்டிப்பா படிக்கலாம். அவங்களுக்காக எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே வச்சிருக்கேன் :-)

வயசு ஏற ஏற கிட்டக்க இருக்கிற எழுத்து மங்குதே, அதுக்கு நம்ம பக்கம் ரெண்டு பேரு உண்டு. ஒண்ணு வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துப் போச்சாம். குத்தம் எழுத்து மேலதான், நம்ம கண்ணு மேல இல்ல பாருங்க! இன்னொண்ணு சாளேஸ்வரம். ராமேஸ்வரம் மாதிரி இதுவும் ஏதோ சிவ ஸ்தலம்னுதான் சின்ன வயசுல நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்தியில சாலீஸ்னா நாற்பது. நாற்பதுல வர்றதால சாளேஸ்வரம். டிக்கெட் எடுக்காமலே எல்லாரும் போய்ச் சேர்ற ஸ்தலம்.

எனக்குக் கதை கொஞ்சம் சிக்கல். பத்தாங்கிளாஸ் படிக்கையிலேயே கிட்டப்பார்வை, ரெண்டு கண்ணும் மைனஸ் இரண்டரை, கூடவே கொஞ்சம் சிலிண்டர். நாற்பத்தஞ்சுல வெள்ளெழுத்தும் வந்து சேர்ந்துக்கிச்சு. மைனஸ் இரண்டரைன்னா கண்ணாடியைக் கழத்தினா நாற்பது சென்டிமீட்டர் வரைக்கும் பளிச்சுன்னு தெரியும், அதுக்கு மேல எல்லாம் பஞ்சு மிட்டாய். கண்ணாடி போட்டா தூரம் பளிச்சு, ஆனா கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறது பஞ்சு மிட்டாய்.

இதைக் கேமராக்காரன் கண்ணோட பாருங்க. பழைய துறைமுகத்துல நிக்கேன். எதிர்ல மாலத்தீவுக்குக் கிளம்புற தோணி, சரக்கு ஏத்திக்கிட்டு இருக்காங்க. கண்ணாடி போட்டிருந்தா தோணி தெரியுது, பாய்மரம் தெரியுது, மேல ஏறி நிக்கிற ஆளோட சட்டைக் கலர் தெரியுது. கையில இருக்கிற கேமராவோட டயல்ல 250 இருக்கா 25 இருக்கான்னு தெரியல. கண்ணாடியைக் கழத்தினா 250 தெரியுது, தோணியக் காணோம். போடு, கழத்து, போடு, கழத்து. சரக்கு ஏத்தி முடிச்சு தோணி மாலே போய்ச் சேர்ந்துரும்.

"ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. போட்டிருக்கேன். மேல தூரம், கீழ கிட்டம், நடுவுல ஒரு சின்ன ஒழுங்கை. நடக்க, பேப்பர் படிக்க, சாப்பாட்டுல முள்ளு எடுக்க எல்லாத்துக்கும் பிரமாதம். ஆனா வ்யூஃபைண்டர்ல கண்ணை வைக்கும்போது நேராத்தானே பார்க்கிறோம். அப்ப நமக்குக் கிடைக்கிறது மேல்பாகம், அதாவது தூரத்துக்கான பவர். ஆனா வ்யூஃபைண்டருக்குள்ள இருக்கிற படம் தூரத்துல இல்ல. விஷயமே இங்கதான் ஆரம்பிக்குது.

எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள்ள கண்ணு பார்க்கிறது தோணிய இல்ல. லென்ஸ் ஒரு சொரசொரப்பான கண்ணாடித் திரை மேல வரைஞ்ச தோணியோட பிம்பத்தை. அந்தத் திரை உண்மையில கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு, அவ்வளவு பக்கத்துல எந்தக் கண்ணாலயும் பார்க்க முடியாது. அதனால நடுவுல ஒரு லென்ஸை வச்சு, திரை சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி காட்டுறாங்க. இதைத்தான் மைனஸ் ஒரு டயாப்டர்னு கேமராவோட விவரக் குறிப்புல போட்டிருப்பாங்க. இப்போ வர்ற எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர்லயும் கதை இதேதான். உள்ள இருக்கிறது குட்டி டிவி, அதையும் ஒரு லென்ஸ் வழியாத் தள்ளி வச்சுக் காட்டுறாங்க.

இதோட அழகு என்னன்னா, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற கப்பலும், பத்தடியில நிக்கிற சுமை தூக்குற அண்ணனும், கீழ ஓரத்துல பச்சையா மின்னுற ஷட்டர் எண்ணும், எல்லாமே என் கண்ணுக்கு ஒரே தூரத்துல இருக்கு. கிட்டம் தூரம்ங்கிற பேச்சே அங்க கிடையாது. சாளேஸ்வரக்காரனுக்கு உலகத்துல இப்படி ஒரு இடம் வேற எங்கயும் இல்லைங்க. வெளியில கண்ணு ஒவ்வொரு தடவையும் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறணும். மாற முடியலங்கிறதுதானே வியாதியே. உள்ளே இருக்கிற லென்ஸ் கெட்டியாயிருச்சு, தசை இழுத்தாலும் அது வளைய மாட்டேங்குது. வ்யூஃபைண்டருக்குள்ள மாற வேண்டிய தேவையே இல்ல. ஒரே ஒரு தூரத்துக்குக் கண்ணைச் செட் பண்ணிட்டாப் போதும்.

அந்தச் செட்டிங்தான் ஓரத்துல இருக்கிற குட்டி டயாப்டர் சக்கரம். அதைத் திருப்பும்போது தோணியப் பார்க்கக் கூடாது. கேமராவை வெறும் வானத்துப் பக்கம் காட்டி, லென்ஸைக் குழப்பி விட்டுட்டு, உள்ள இருக்கிற கோடு, கட்டம், எண் இதுகளை மட்டும் பார்த்து, அது கத்தி மாதிரி தெரியுற வரைக்கும் திருப்பணும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படம் எடுக்கிறவங்க போட்டுக்கிட்டே திருப்பணும், கழத்திட்டு எடுக்கிறவங்க கழத்திட்டே திருப்பணும். தூரத்துக் கண்ணாடி போட்ட வெள்ளெழுத்துக்காரங்களுக்குப் பொதுவா ப்ளஸ் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். சிலிண்டர் பவரை மட்டும் இந்தச் சக்கரம் சரி பண்ணாது. அது கண்ணாடியாலதான் ஆகும்.

'ஆட்டோஃபோகஸ் இருக்கையில கண்ணு எதுக்கு'ன்னு கேக்கிற பொடியன்கள் உண்டு. நம்ம ஊர்க்காரனுக்கு இதுக்குப் பதில் முத்து யாவாரத்துலயே இருக்கு. முத்துக்குளிப்புக் காலத்துல முத்துகளைப் பித்தளைச் சல்லடையில போட்டுத்தான் அளவு பிரிப்பாங்க. பத்துச் சல்லடை, கிண்ணம் மாதிரி. 20 ஓட்டை உள்ளது, 30, 50, 80, 100, 200ன்னு போய் 1000 வரைக்கும். ஓட்டை கூடக் கூடச் சின்ன முத்து. இந்த வேலைக்குக் கண்ணே வேண்டாம், ஆட்டினா அதுவா விழும். ஆனா அதுக்கப்புறம் எது ஆணிமுத்து, எது வடிவு, எது வெறும் தூள்னு உருண்டையையும் ஒளியையும் பார்த்துப் பிரிக்கிறது முழுக்கக் கண்ணு வேலை. ஆட்டோஃபோகஸ் அந்தச் சல்லடை. எங்க தெளிவா இருக்கணுமோ அங்க தெளிவாக்கிக் குடுத்துரும். எதை உள்ள வைக்கணும், எதை வெளிய விடணும்ங்கிறதுக்குச் சல்லடை கிடையாது. அதுக்கு நாலு ஓரமும் தெரியணும்.

அந்த நாலு ஓரம்தான் கண்ணாடிக்காரனோட நிஜமான தலைவலி. பவர் எல்லாம் அதுக்கு அப்புறம்.

வ்யூஃபைண்டருக்குப் பின்னால ஒரு குறிப்பிட்ட தூரத்துல கண்ணு இருந்தாத்தான் முழுச் சட்டமும் ஒரே பார்வையில தெரியும். அதை ஐ பாயிண்ட்னும் ஐ ரிலீஃப்னும் சொல்றாங்க. 2004ல வந்த நிக்கான் டி70ல அது 18 மி.மீ. சரி, நல்லா இருக்கேன்னு தோணும். ஆனா கண்ணுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவுலயே 12, 14 மி.மீ போயிரும். அப்புறம் கண்ணாடியோட தடிமன். அப்புறம் கேமரா ரப்பரோட விளிம்பு. கூட்டிக் கழிச்சா, சாவித் துவாரம் வழியா எட்டிப் பார்க்கிற கதைதான். நடுவுல இருக்கிறது ஜோராத் தெரியும், மூலைகளைப் பார்க்கத் தலையைப் பல்லி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டணும். கண்ணாடியைக் கழத்திட்டு டயாப்டரைத் திருப்பலாம்னா, டி70ல அது மைனஸ் 1.6ல நின்னுரும். எனக்கு வேண்டியது மைனஸ் இரண்டரை. பழைய மேனுவல் கேமராக்கள் பலதுல சக்கரமே கிடையாது. கண்ணுக்கேத்த வட்டக் கண்ணாடி ஒண்ணைத் தனியா வாங்கி ஐபீஸ்ல திருகணும். அது தூத்துக்குடியில கிடைக்காது. மதுரையில சொல்லி வைக்கணும், அவங்க மெட்ராஸ்ல சொல்லி வைப்பாங்க.

இந்த மூலை விவகாரம் படத்தையே மாத்திரும்ங்கிறது எனக்கு ஆல்பத்தை அடுக்கும்போதுதான் புரிஞ்சது. முப்பது வயசுல எடுத்த தோணிப் படங்கள்ல ஓரமெல்லாம் உயிரா இருக்கு. ஒரு மூலையில கயிறு உள்ள வரும், இன்னொரு மூலையில ஒரு கை மட்டும் நீளும், பாதி முகம் எட்டிப் பார்க்கும். ஐம்பது தாண்டி எடுத்ததுல எல்லாம் நடுவுல வந்து உக்காந்திருக்கு. தோணி நடுவுல, ஆளு நடுவுல, சூரியன் நடுவுல. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. தெரியாத இடத்துல யாரு பொருளை வைப்பா? கண்ணுக்கு எட்டின இடத்துலதான் கை வைக்குது. வயசானா மனசு அடங்கிருச்சு, ரசனை மாறிருச்சுன்னு நாம என்னென்னமோ பேர் வைக்கோம். பாதி ஐ ரிலீஃப் பண்ற வேலைங்க.

இது கேமரா கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாத சங்கதி இல்ல. நிக்கான் எஃப்3 1980ல வந்துச்சு. ரெண்டே வருஷத்துல, 1982ல, ஹை ஐபாயிண்ட்னு கண்ணாடி போட்டவங்களுக்காகவே ஒரு வ்யூஃபைண்டரோட எஃப்3 எச்.பி விட்டாங்க. கண்ணை 25 மி.மீ தள்ளி வச்சாலும் மொத்தச் சட்டமும் தெரியும். அதுக்கு அவங்க குடுத்த விலை, உள்ள தெரியுற படம் கொஞ்சம் சின்னதாச்சு, 0.8 மடங்குல இருந்து 0.75 ஆச்சு. கடையில 'வ்யூஃபைண்டர் எவ்வளவு பெருசு பாருங்க சார்'னு காட்டும்போது நம்ம கூட்டம் மயங்கக் கூடாது. பெருசா இருந்தா மூலை நம்ம கண்ணாடிக்கு வெளிய போயிரும். நமக்குச் சின்னதும் தள்ளி இருக்கிறதும்தான் சுகம். அதே எஃப்3க்கு ஆக்‌ஷன் ஃபைண்டர்னு இன்னொண்ணு உண்டு, ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருந்தே பார்க்கலாம். ஹெல்மெட் போட்டவங்களுக்கும் தண்ணிக்கடியில முகக்கண்ணாடி மாட்டினவங்களுக்கும் செஞ்சது.

தண்ணிக்கடி கண்ணாடின்னதும் ஒண்ணு சொல்லணும். தரையில நம்ம கண்ணோட பவர்ல பெரும்பங்கு, சுமார் 43 டயாப்டர், முன்னால இருக்கிற கருவிழியில இருந்துதான் வருது. காத்துல இருந்து ஈரத்துக்குள்ள ஒளி நுழையும்போது வளையுற வளைவு அது. தண்ணிக்குள்ள போயிட்டா ரெண்டு பக்கமும் தண்ணிதான், அந்த 43ம் கிட்டத்தட்ட மொத்தமாப் போச்சு. நாம இங்க ஒண்ணரைக்கும் ரெண்டுக்கும் புலம்பிக்கிட்டு இருக்கோம். தொல்லாயிரம் பார்ல, அஞ்சு பாகம் பத்து பாகம் ஆழத்துல, வெறுங்கண்ணோட கல்லைப் பிடிச்சுக்கிட்டு இறங்கின குளியாளுங்க 43 டயாப்டரைக் கரையிலயே விட்டுட்டுத்தான் இறங்கினாங்க. மங்கலா ஒரு திட்டு தெரியும், மிச்சத்தைக் கை பார்த்துக்கும். அந்த மங்கல்ல பொறுக்கின சிப்பியிலதான் மேல வந்து பித்தளைச் சல்லடைக்காரங்க ஆணிமுத்து தேடினாங்க. கடைசியா இங்க அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தினது 1961ல. இப்போ திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிக்கப் போறவங்க முகக்கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போறாங்க. கண்ணுக்கு முன்னால கொஞ்சூண்டு காத்தை வச்சுக்கிட்டா அந்த 43ம் திரும்பி வந்துரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

2003ல அன்னா யிஸ்லேன்னு ஒரு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர், தாய்லாந்துப் பக்கம் கடலோடிகளான மோக்கன் மக்களோட பிள்ளைங்க தண்ணிக்கடியில மத்த பிள்ளைங்களை விடத் தெளிவாப் பார்க்கிறதை அளந்து எழுதினார். காரணம் ரெண்டு. அந்தப் பிள்ளைங்க தண்ணிக்குள்ள கண் பாவையை 2 மி.மீக்குச் சுருக்குறாங்க, கூடவே கண் லென்ஸை முழு மூச்சா வளைக்கிறாங்க. ரெண்டாவது நம்மால ஆகாது, நம்ம லென்ஸ் கெட்டி. ஆனா முதல் காரணத்தைப் பாருங்க. பாவையைச் சுருக்குறதுன்னா நம்ம பாஷையில எஃப் 16 வைக்கிறது!

இது தெரிஞ்ச பிறகுதான் எனக்கு ஒரு பழைய புதிர் அவிழ்ந்துச்சு. உப்பளத்துல உச்சி வெயில்ல நிக்கும்போது கண்ணாடியோடயே கேமரா எண்ணெல்லாம் ஓரளவு படிக்க முடியும். அதே கேமரா, அதே கண்ணாடி, விடியக்காலம் மீன்பிடித் துறைமுகத்துல ஒண்ணும் தெரியாது. முத்தையாபுரம் பக்கத்து உப்பளம் எப்படி இருக்கும்னு நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். மேல ஒரு சூரியன், கீழ ஆயிரம் சூரியன். அங்க பாவை கடுகாச் சுருங்கிரும், தானா எஃப் 16. இருட்டுல பாவை விரிஞ்சா வெள்ளெழுத்து பல்லைக் காட்டும். இன்னொரு அநியாயம், வயசானா இருட்டுல அந்தப் பாவை முழுசா விரியறதும் இல்ல. அறுபது வயசுக்காரர் விழித்திரைக்குப் போற வெளிச்சம் இருபது வயசுக்காரரோடதுல சுமார் மூணுல ஒரு பங்குதான்னு கண் வைத்தியப் புத்தகங்கள்ல இருக்கு. எஃப் 5.6 கிட் லென்ஸை மாட்டிக்கிட்டு விடியக்காலம் எஸ்.எல்.ஆர் உள்ள பார்த்தா, பவர்கட்ல பல் தேய்க்கிற மாதிரிதான்.

உப்பளத்துல தொந்தரவு வேற விதம். மூக்குக்கண்ணாடி போட்டா கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவுல சந்து விழும். முதுகுப் பக்கம் வெயில் இருந்தா அந்தச் சந்து வழியா வெளிச்சம் உள்ள போகும். பழைய எஸ்.எல்.ஆர்கள்ல வெளிச்சம் அளக்கிற சில்லு அந்த ஐபீஸ் பக்கம்தான் இருக்கும். அது ஏமாந்து 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்'னு நெனச்சுப் படத்தைக் கறுப்பாக்கிரும். இடது கையால ஒரு குடை பிடிக்கிற மாதிரி மறைச்சுக்கிட்டா சரி. கூலிங்கிளாஸ் போலரைஸ்டா இருந்தா கேமராவை நிமிர்த்திப் பிடிக்கையில பின்பக்கத் திரை சில சமயம் முழுக்கக் கறுத்துரும், கேமரா செத்துப் போச்சுன்னு பதறாதீங்க. எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் வச்சிருக்கிறவங்க கேமராவைத் தோள்ல தொங்கப் போடும்போது ஐபீஸ் சூரியனைப் பார்க்காம வச்சுக்கோங்க. உள்ள இருக்கிற லென்ஸ் பூதக்கண்ணாடி வேலையைக் காட்டி அந்தக் குட்டித் திரையைப் பொசுக்கிரும். நம்ம ஊரு சூரியனுக்கு அதெல்லாம் நேரம் எடுக்காது.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி. எங்க ஏரியாவுல ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சி இருந்தார். ஊர்க் கல்யாணத்துல பாதி அவரோட யாஷிகா மேட் 124ஜியில விழுந்ததுதான். கழுத்துல மாட்டி, மேல இருந்து குனிஞ்சு பார்க்கிற பெட்டி. அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை வந்து, ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சுட்டு வந்தார். இப்படி வைக்கிற லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்கு வைக்கிறது, வளையாது, நகராது. நம்ம வெள்ளெழுத்து முக்கால்னா அவருக்கு முழுசு. அவர் பெட்டியைக் குனிஞ்சு பார்த்தா திரையில ஒண்ணும் தெரியல. ஆனா அந்தப் பெட்டி மூடிக்குள்ள ஒரு பூதக்கண்ணாடி மடிச்சு வச்சிருப்பாங்க. அதைத் தட்டி நிமிர்த்திக் கண்ணைப் பக்கத்துல வச்சா திரை தூரத்துல இருக்கிற மாதிரி ஆயிரும். தூரத்துக்குத்தானே அவர் கண்ணு. 'தம்பி, புதுசா மாத்தின கண்ணுக்கு இந்தப் பழைய பெட்டிதான்டே பொருந்துது'ன்னார். என்னைப் பார்த்து, 'மூக்கு மேல கண்ணாடி, கண்ணாடி மேல கேமரா, இது எங்கன சேரும்?'னு சிரிப்பார்.

அவர் சொன்ன இன்னொண்ணு என்னை ரொம்ப நாள் தூங்க விடல. ஆபரேஷனுக்கு அப்புறம் கடலோட நீலம் அவ்வளவு நீலமா இருக்காம். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாப் பழுத்துரும், நீலத்தை உள்ள விடாது. கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால நமக்குத் தெரியாது. ஓவியர் க்ளோட் மோனேவுக்கு 1923ல ஆபரேஷன் ஆச்சு, அதுக்கு முந்தின வருஷங்கள்ல அவர் வரைஞ்சதுல நிறங்கள் செம்பழுப்பாப் போனதையும் இதோடதான் சேர்த்துப் பேசுறாங்க. அண்ணாச்சி கடைசி சில வருஷம் போட்டுக் குடுத்த கலர் பிரிண்டுகளை மேசையில பரப்பி வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லல. நான் டீ வாங்கிட்டு வரப் போயிட்டேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல ஆரம்பிச்சார். 1992ல அவங்களே ஆரோலேப்னு கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் செய்யத் தொடங்கினதுக்கு அப்புறம்தான் நம்ம பக்கத்துச் சாதாரண ஜனத்துக்கும் இந்த லென்ஸ் எட்டுற விலைக்கு வந்துச்சு. உப்பளத்துலயும் கடல்லயும் வெயிலைக் கண்ணால குடிச்சே வாழ்ற ஊரு இது. வெயிலோட புற ஊதாக் கதிருக்கும் புரைக்கும் சம்பந்தம் உண்டு. கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையுற நம்மளும் அந்தக் கணக்குலதான் வருவோம். தொப்பி போடுங்க.

சரி, என் கதைக்கு வாரேன். எஸ்.எல்.ஆர் காலம் ஓய்ஞ்சு நிக்கான், கேனன் எல்லாரும் மிரர்லெஸ் பக்கம் ஓடினதும் நானும் ஒரு செகண்ட் ஹேண்ட் நிக்கான் இசட்6 வாங்கினேன். மிரர்லெஸ்னா தமிழ்ல கண்ணாடி இல்லாத கேமரா. கேமராவுக்குக் கண்ணாடி போயிருச்சு, எனக்கும் போகுமான்னு ஒரு நப்பாசைதான். அதுல டயாப்டர் மைனஸ் 4ல இருந்து ப்ளஸ் 2 வரைக்கும் போகுது. ஆக முதல் தடவையா மூக்குக்கண்ணாடியைக் கழத்திப் பையில போட்டுட்டு வெறுங்கண்ணை வச்சேன். அம்மாடி! நாலு மூலையும் ஒரே பார்வையில. விடியக்காலத்துலயும் உள்ள வெளிச்சம். எடுத்த படத்தையும் மெனுவையும் கண்ணை எடுக்காம உள்ளயே பார்த்துக்கலாம், பின்பக்கத் திரையைக் கையை நீட்டி நீட்டிப் படிக்க வேண்டாம். இத்தனை வருஷமா இந்த நாலு மூலைக்குத்தானே ஏங்கினேன்னு ரெண்டு மாசம் அப்படியே சுத்தினேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். கேமராவைக் கண்ணுல இருந்து எடுத்தா உலகம் பஞ்சு மிட்டாய். மீன்பிடித் துறைமுகத்துல தரையெல்லாம் ஈரம், கயிறு, ஐஸ் பெட்டி. அது கூடப் பரவாயில்ல, பார்த்து நடக்கலாம். 2023 ஆகஸ்ட் 5, பனிமய மாதா கோயில் தங்கத்தேர் அன்னைக்குத்தான் உறைச்சது. கேமரா எங்க காட்டுதோ அதை மட்டும்தான் நான் பார்க்கிறேன். அதுக்கு இடப்பக்கம் ஒரு பாட்டி வடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறதை, வலப்பக்கம் அப்பன் தோள்ல பிள்ளை தூங்கிட்டதை, கூட வந்த நண்பன் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்ட வேண்டியிருந்துச்சு. ஒரு படத்தைக் கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாலயே கண்ணு கண்டுபிடிச்சிரும். சட்டம் போடுறது அப்புறம். கழத்தினா சட்டம் முழுசாக் கிடைக்குது, அதுக்குள்ள வைக்க வேண்டியது தெரியாமப் போகுது.

நடுவுல ஒரு வழியும் பார்த்தேன். கண்ணாடிக் கடையில போய் 'மைனஸ் ஒண்ணரைக்கு ஒரு கண்ணாடி போட்டுத் தாங்க'ன்னேன். கடைத் தம்பி சீட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். 'சார், உங்க பவர் இரண்டரை.' தெரியும் தம்பி. ஒண்ணரை போட்டா சரியா ஒரு மீட்டர்ல இருக்கிறது எனக்குச் சிரமமில்லாமத் தெரியும். வ்யூஃபைண்டர் படம் அங்கதான் இருக்கு. டயல் எண்ணும் அட்ஜஸ்ட் ஆயிரும். தூரம் கொஞ்சம் கலங்கும், உப்பளத்து வெயில்ல அந்தக் கலங்கலும் பாதி போயிரும். தம்பிக்கு நம்பிக்கை வரல, ஆனா போட்டுக் குடுத்தார். சிலிண்டரை மட்டும் விட்டுறாதீங்கன்னு சொல்லி வாங்கினேன். அந்தக் கண்ணாடி இப்போ ட்ரைபாட் பையிலயே கிடக்கு. வேப்பலோடைப் பக்கம் உப்பளத்துல பூநாரை வந்தா, ஒரே இடத்துல உக்காந்து எடுக்கிற வேலைக்கு அதுதான்.

துறைமுகத்துக்கும் தேருக்கும் கல்யாணத்துக்கும் பழைய ப்ரோக்ரெஸிவேதான். இசட்6ல கண்ணு 21 மி.மீ தள்ளி இருக்கலாம், அதனால கண்ணாடியோடயும் மூணு மூலை தெரியுது. கண்ணாடியை முகத்தோட ஒட்டிப் போட மூக்குப் பட்டையைக் கொஞ்சம் வளைச்சு வாங்கியிருக்கேன். அதுல ஒரு மில்லிமீட்டர் லாபம். நாலாவது மூலை எதுன்னு எனக்கு இப்போ மனப்பாடம், இடது கீழ். சாயங்காலம் படகெல்லாம் திரும்பி மீன் ஏலம் நடக்கையில ஒரு எட்டு வச்சுப் பின்னால போய்க் கொஞ்சம் அகலமாவே எடுத்துக்கிட்டு, அந்த மூலையில என்ன விழுந்துச்சுன்னு வீட்டுக்கு வந்துதான் பார்க்கேன். பெரும்பாலும் பூனைதான். போன வாரம் மட்டும் ஒரு வெறுங்கால், செதிலு ஒட்டினது, விரலை மடக்கி நிக்குது. யாரோடதுன்னு தெரியல.